விரலால் விரிந்தால்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
டயர் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ்.
திரையில் நாலு கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்று:
மின்னழுத்தம்,
மோட்டார் இழுக்கும் ஆம்பியர்,
குழாயின் அழுத்தம்,
தொட்டியின் நீர்மட்டம்.
கோவிலூர் போகும் வழியில் இருக்கும் நீரேற்று நிலையம்
முப்பது நாளாகத் தன்னைப் பற்றி
எழுதிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை பதினொரு தெருவுக்குத் தண்ணீர் இல்லை.
'இருளப்பன் தூங்கிட்டான்' என்றது ஒரு போன்.
மதியத்துக்குள் அவர் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தார்.
சாயங்காலத்துக்குள்
வாரத்தில் நாலு நாள்.

உமையாள் மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.
'அந்த ராத்திரியை மட்டும் பெரிசாக்குங்க.'
மேல்கோட்டைப் பிடித்து இழுத்தேன்.
இரண்டு மணி இரண்டரை மணியெல்லாம்
திரை அகலத்துக்கு விரிந்தன.
கீழே மற்ற மூன்றும் அசையவில்லை,
முப்பது நாளையும் மடித்துப் போட்டபடி.
'நாலும் ஒரே நேரத்தைப் பாக்காதா?'
கேட்டதில் தப்பில்லை.
ஒரே கிணற்றை நாலு பேர் எட்டிப் பார்க்கிறோம்,
ஒருத்தருக்கு ஆடி மாதம் தெரிகிறது, ஒருத்தருக்குத் தை.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.
ஒன்று விரிந்தால் மற்றவற்றுக்குச் சொல்ல வேண்டும்:
இங்கிருந்து இதுவரை, இவ்வளவுதான் நேரம்.
சொன்னது.
கேட்டு இரண்டாவது விரிந்தது,
விரிந்ததால் அதுவும் சொன்னது,
சொன்ன முதலாவதுக்கே திருப்பிச் சொன்னது.
முதலாவது புதுச் சேதி என்று நினைத்து
மறுபடி எல்லாருக்கும் சொன்னது.
லேப்டாப் தோசைக்கல்லாகிவிட்டது.
ஒரு தடவை இழுத்ததற்கு எட்டாயிரம் அறிவிப்புகள்.

டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.
அங்கேயும் இருளப்பன்தான்.
'யார் பார்த்தது?' என்றேன்.
மாஸ்டர் பேப்பர்காரரைக் காட்டினார்.
பேப்பர்காரர் டயர்கடைப் பையனைக் காட்டினார்.
பையன் என்னைக் காட்டினான்.
காலையில் படியேறும்போது
'தூங்கிட்டாராமே' என்று நான் சொன்னேனாம்.
சொன்னேன்தான்.

மாடியேறி ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
விரலால் விரிந்தால் சொல்.
கேட்டு விரிந்தால் பேசாதே.

அடங்கின.
இப்போது ஒன்றை இழுத்தால் நாலும் சேர்ந்து நகர்ந்தன,
கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல்போல
ஒரு மெல்லிய கோடு
மேலிருந்து கீழ்வரை நேராக இறங்கியது.
இரண்டு பதின்மூன்று:
மின்னழுத்தம் முந்நூற்று இருபதுக்குச் சரிகிறது.
ஒன்பது விநாடி கழித்து மோட்டார் நிற்கிறது.
பிறகு குழாய் மூச்சை விடுகிறது.
இரண்டு இருபதில் ஆம்பியர் ஒரு தடவை துள்ளி விழுகிறது.
இருபத்தாறில் மறுபடி.
நாற்பதில் மறுபடி.
எண்ணினேன். விடியும்வரை பதினாறு.
மாதக் கணக்கில் பார்த்தபோது இந்தப் பதினாறும்
கண்ணாடியில் ஒட்டிய தூசி என்று
கைக்குட்டையால் துடைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இடித்தது.
மோட்டார் நிற்பதற்கு நாலு நிமிடம் முன்பே
தொட்டி ஏறுவதை நிறுத்தியிருந்தது.
சாவுக்கு முன்னால் ஒப்பாரி.
அரைமணி நேரம் என் வரியைத்தான் சந்தேகப்பட்டேன்.
கடைசியில் பார்த்தால்
தொட்டிமேல் இருக்கும் கருவியின் கடிகாரம்
நாலு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது.
ஒரே சட்டத்துக்குள் நிறுத்துவது என் வேலை.
ஏணி வைத்து ஏறி முள்ளைத் திருத்துவது
யார் வேலை என்று
ஒப்பந்தத்தில் எழுதவில்லை.

காலையில் மேடம் நெடுநேரம் பார்த்தார்.
பிறகு போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.
'இருளப்பன், செவ்வாய் ராத்திரி
பதினாறு தடவை சுவிட்சு போட்டீங்களா?'

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம்.

'பதினேழும்மா.
ஒண்ணு உங்களுக்கு விழுந்திருக்காது.
அப்ப சுத்தமா கரண்டே இல்ல,
இருந்தாலும் போட்டுப் பாத்தேன்.'